பதவி பெரிதா, சொல் பெரிதா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தனி வாழ்க்கையில் பழிக்கு ஆளான அரசியல்வாதி பதவியைத் துறக்கவேண்டுமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். "இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? துறக்கத்தான் வேண்டும்" என்று நம்மிற் பலர் உடனே சொல்லிவிடுவர். நானும் அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆயினும் சிந்திக்கச் சிந்திக்க, விடை அத்துணை எளிதன்று என்பது எனக்குப் புலனாயிற்று.

எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றை முதலிற் கூற அனுமதிக்கவேண்டும். நான் சிறு பிள்ளையாயிருந்த காலத்தில், தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டிக்கு ஒருவர் தலைவராயிருந்தார். கொழுந்து குறைந்ததென்று ஓர் ஏழைக்கு அரைப் பேர் போட்டால், மறுநாட் காலையில் பிரட்டுக்களத்தில் துரையின் முன் நின்று அவளுக்காக வாதாடுவார். ஒரு நாள் அவரையும் அயல் லயத்துப் பெண் ஒருத்தியையும் சேர்த்து ஒரு கதை கிளம்பிற்று. காலையில் பீலிக்கரையில் தொடங்கிய பேச்சு, மாலைக்குள் தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர் மானத்துக்கு அஞ்சிக் கமிட்டியை விட்டு விலகினார். பல மாதங்களின் பின்னர்தான், அது தலைமைக்கு ஆசைப்பட்ட ஒருவர் கட்டிவிட்ட கதை என்பது வெளியாயிற்று. அதற்குள் அந்தப் பெண் தோட்டத்தை விட்டே போய்விட்டாள். அவளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கதையைப் பீலிக்கரையிலிருந்து வீட்டுக்குச் சுமந்து வந்தவர்களுள் நானும் ஒருவன்.

பின்னர் மிஷன் பாடசாலையில், ஒரு பெண்ணின் மேற் கல்லெறிய வந்த கூட்டத்தை இயேசுநாதர் ஒரே வாக்கினாற் கலைத்த வரலாற்றை ஆசிரியர் போதித்தபோது, என் தலை தானாகவே குனிந்தது. நம் சமயம் மட்டும் வேறு கூறுகிறதா? இதே நுவரெலியா மாவட்டத்தில், சீதா எலியவில் கோயில் கொண்ட சீதையம்மனை நாம் கைகூப்பி வணங்குகிறோம். ஊரார் வாய்ச்சொல்லுக்காகக் காட்டுக்கு அனுப்பப்பட்டவள் அவள் என்ற உத்தரகாண்டக் கதையை மாத்திரம் மறந்துவிடுகிறோம்.

ஆகவே, வதந்தி கிளம்பியவுடனே பதவியிலிருந்து இறங்கு என்பது தருமமாகாது. அப்படிச் செய்தால், நல்லவனை வீழ்த்தக் கெட்டவனுக்கு ஒரு பொய்க் கதையே போதும் என்றாகிவிடும். அப்படியாயின், எந்த இடத்திலே கோடு கிழிப்பது?

என் சிற்றறிவுக்கு எட்டியமட்டில், இரண்டு இடங்களிற் கோடு கிழிக்கலாம். முதலாவது, தம் பதவியின் பலத்தைக்கொண்டு தமக்குக் கீழே உள்ளவர்மேற் கைவைக்கும் இடம். கங்காணி தன் கொந்தரப்பில் வேலை செய்யும் பெண்ணை இச்சைக்கு இணங்கச் சொல்லி அச்சுறுத்தினால், அதை அவனுடைய சொந்த விஷயம் என்று யாராவது விடுவோமா? மந்திரிக்கும் அதே நியாயந்தான். இரண்டாவது, தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களிடம் பொய் சொல்லும் இடம். இந்த இரண்டாவதைப் பற்றியே சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. 2024 நவம்பர் 21ஆந் திகதி அசோக ரன்வல அவர்கள் நம் பாராளுமன்றத்தின் சபாநாயகராகத் தெரிவானார். அவர் பெயருக்கு முன்னே 'கலாநிதி' என்ற பட்டம் வழங்கிவந்தது. அந்தப் பட்டம் எங்கே, எப்போது பெறப்பட்டது என்ற வினா எழுந்தது. டிசம்பர் 13ஆந் திகதி அவர் சபாநாயகர் பதவியை இராஜிநாமாச் செய்தார். தாம் பொய் கூறவில்லையென்றும், யப்பானில் ஆராய்ச்சி செய்து பெற்ற பட்டத்துக்குரிய பத்திரங்களை உடனடியாகச் சமர்ப்பிக்க இயலவில்லையென்றும் அவர் தெரிவித்தார். டிசம்பர் 17ஆந் திகதி ஜகத் விக்கிரமரத்ன அவர்கள் அவ்விடத்துக்குத் தெரிவானார்.

சபாநாயகராவதற்குக் கலாநிதிப் பட்டம் வேண்டுமென்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பட்டமே இல்லாதிருந்தாலும் அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்திருக்கலாம். பின் ஏன் விலகவேண்டும்? இருநூற்றிருபத்தைந்து பேர் கொண்ட சபையில், "இவர் சொல்வது சரி" என்று இரு தரப்பாரும் ஏற்கவேண்டிய ஒருவர் சபாநாயகர். அவர் சொல்லில் ஐயம் விழுந்தால், தராசின் முள்ளில் ஐயம் விழுந்தது போலாகும். முள் உண்மையில் நேராகவே இருக்கலாம். இருந்தும் கொழுந்து நிறுக்க நிற்பவர் அந்தத் தராசை நம்பமாட்டார். அவர் விலகியது முறையே என்பது என் அபிப்பிராயம். குற்றம் நிரூபணமாயிற்று என்பதனால் அன்று, ஆசனத்தின் நம்பிக்கை காக்கப்படவேண்டும் என்பதனால்.

பிரித்தானியாவிலும் ஒரு பெயர்பெற்ற சம்பவம் நடந்தது. அங்கு யுத்த மந்திரியாயிருந்த ஜோன் புரொபியூமோ என்பவருக்கு ஓர் இளம் பெண்ணோடு தொடர்பு இருந்ததாகப் பேச்செழுந்தது. 1963 மார்ச் 22ஆந் திகதி அவர் பொதுமக்கள் சபையில் எழுந்து, முறைகேடு எதுவும் நடக்கவில்லையென்று மறுத்தார். ஜூன் 5ஆந் திகதி, தாம் சபையில் உரைத்தது பொய் என ஒப்புக்கொண்டு பதவி துறந்தார். அவர் பெண்ணோடு பழகியதை மன்னிக்க ஆயத்தமாயிருந்தவர்கள் கூட, சபையிற் பொய்யுரைத்ததை மன்னிக்கவில்லை. அதன் பின் அவர் அரசியலுக்குத் திரும்பவேயில்லை. கிழக்கு இலண்டனில் ஏழைகளுக்கு உதவும் தொயின்பி ஹோல் என்னும் நிலையத்துக்குச் சென்று, பல்லாண்டுகள் ஊதியமின்றித் தொண்டு செய்தார். 2006இல் அவர் காலமானபோது, பழியோடு அத்தொண்டையும் உலகம் சேர்த்தே பேசிற்று. இராஜிநாமா என்பது தூக்குமேடையன்று. மனிதன் திரும்பி நடப்பதற்கான ஒரு வழி என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இங்கே சிலர், "அவர் நமக்கு ரோட்டுப் போட்டார், வீடு கட்டித் தந்தார், மற்றது நமக்கெதற்கு?" என்று கேட்பதுண்டு. ரோடும் வீடும் நம் வரிப்பணத்தில் வருபவை. ஒரு மந்திரி விலகினால் வேலை நின்றுபோகும் என்பதும் வீண் அச்சமே. நம் விகிதாசாரத் தேர்தல் முறையில், ஓர் உறுப்பினர் ஆசனத்தைத் துறந்தால் இடைத்தேர்தல் கூட வேண்டியதில்லை. அதே கட்சியின் பட்டியலில் அவருக்கு அடுத்தபடியாக விருப்பு வாக்குப் பெற்றவர் வந்து அமர்வார். மக்கள் தாங்களாகவே ஓர் உறுப்பினரைத் திருப்பியழைக்கவோ நம் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அவராக விலகாவிட்டால், பெரும்பாலும் அடுத்த தேர்தல்வரை நாம் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். தோட்டத்தில் ஒரு தொழிலாளிமேல் விறகு திருடினான் என்று பிராது வந்தால், விசாரணை முடியும்வரை அவனுக்கு வேலை நிறுத்தம். அவன் பிள்ளைகளின் அடுப்பு எரிகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரியவர்மேற் பிராது வந்தால் மட்டும், பதவியில் இருந்துகொண்டே விசாரணையைச் சந்திப்பேன் என்கிறார். விறகுக்கு ஒரு நீதி, மந்திரிப் பதவிக்கு ஒரு நீதியா?

இருந்தாலும், தனி ஒழுக்கம் ஒன்றையே அளவுகோலாக வைப்பதும் ஆபத்து. நம் முன்னோருட் பலர் புறப்பட்டு வந்த திருச்சிச் சீமையிலே, அரியலூருக்கு அருகில், 1956 நவம்பரில் ரயில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தம் கை எதுவும் செய்யாதிருந்தும், பொறுப்பு என்னுடையது என்று ரயில்வே மந்திரிப் பதவியைத் துறந்தார் லால் பகதூர் சாஸ்திரி. அப்பழுக்கற்ற மனிதர். அதே சாஸ்திரிதான், பிரதம மந்திரியாகி, 1964 அக்டோபர் 30ஆந் திகதி ஸ்ரீமாவோ அம்மையாருடன் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில், நம்மவர் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு செய்தார். போகிறவரிடம் கேட்டாரில்லை. 1948இல் நம் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கையுயர்த்தியோரையும் அவர்கள் தனி வாழ்க்கையைக் கொண்டு நாம் அளப்பதில்லை. ஒருவர் வீட்டுக் கதவின் துவாரத்திற் கண்வைத்துக்கொண்டு, அவர் சபையில் எதற்குக் கையுயர்த்துகிறார் என்பதைக் காணாது விட்டால், நஷ்டம் நமக்கே.

தொகுத்துக் கூறுகிறேன். வதந்திக்காக ஒருவரும் விலகவேண்டாம், விசாரணை நடக்கட்டும். வீட்டுக்குள் நேர்ந்த தவறு அவருக்கும் அவர் மனையாளுக்கும் மனச்சாட்சிக்கும் உரியது. பலவீனர்மேற் பதவியைப் பிரயோகித்தவர் விலகட்டும். மக்களுக்குப் பொய்யுரைத்தவர் விலகட்டும். அந்தப் பொய் எவ்வளவு சிறியதாயினும் சரி.

இவ்விதியை நாம் கொழும்புக்கு மாத்திரம் எழுதிவைக்கக்கூடாது. கோயிற் கமிட்டிக்கும், தோட்டக் கமிட்டிக்கும், இந்தச் சங்கத்துக்கும் இதுவே விதியாகட்டும். 1948இல் இழந்ததில் எஞ்சியிருந்தவர்க்கும் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் நம் மக்கள் காத்திருந்தனர். இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் சிலர், நரை கண்ட பின்னரே முதல் வாக்கை அளித்தவர்கள். அவ்வளவு தாமதித்து வந்த வாக்கை வாங்கிக்கொள்பவர், தம் வாக்கையும் காக்கக் கடமைப்பட்டவர். தமிழில் அவ்விரண்டுக்கும் ஒரே சொல்தானே.

அந்தப் பழைய கமிட்டித் தலைவர் இப்போது முதியவர். சென்ற விடுமுறையில் அவர் வீட்டுக்குச் சென்று, நானும் அன்று அந்தக் கதையைச் சொன்னவன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை; ஒரு கோப்பைத் தேநீர் தந்தார். அந்தப் பெண் எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்பது எனக்கு இன்னும் தெரியாது. பிறர்மேற் கல்லெடுக்கும் போதெல்லாம் அவளை நினைத்துக்கொள்கிறேன். பதவியிலிருப்பவரிடம் உண்மையைக் கேட்கும்போதும் அவளையே நினைத்துக்கொள்கிறேன்.