இசைக்கல்வி யாருக்கு உரியது?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைப் பயிற்சியின் பயன் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். இசையின் பெருமையை எடுத்தோதத் தொடங்கினால் நாரதர், தும்புரு, சாமகானம் பாடி உய்ந்த இராவணன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அதிலும் இராவணனை இந்நாட்டார் எளிதில் விட்டுவிட மாட்டோம். ஆயினும் அவையெல்லாம் நீங்கள் பன்முறை கேட்டவை. ஆதலால் இன்று ஒரு சிறு வினாவை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறோம். இசை நல்லது என்பதில் நமக்குள் பிணக்கில்லை; அங்ஙனமாயின் அதனைக் கற்கும் வாய்ப்பு நம் ஊரிலே யார் யாருக்குக் கிடைக்கின்றது?

சங்கீதம் பயில வழியே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. வட இலங்கைச் சங்கீத சபை 1931ஆம் ஆண்டிலே தோன்றிப் பல தலைமுறையினருக்குப் பரீட்சை நடத்தியிருக்கின்றது. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் சங்கீத அக்கடமி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கிழக்கிலே சுவாமி விபுலானந்தர் பெயரால் ஓர் இசை நடனக் கல்லூரி எழுந்து, அதுவும் பல்கலைக்கழகக் கல்வியோடு சேர்ந்துவிட்டது. இவற்றைச் செய்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். குறை நிறுவனங்களில் இல்லை. அவற்றை நாம் பயன்படுத்தும் முறையிலேதான் இருக்கின்றது. பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரிற் பலர் முதலிற் கேட்பது, எத்தனை வருடத்தில் எந்தத் தரம் சித்தியடையலாம் என்பதே. சான்றிதழ் சுவரில் ஏறியதும் சுருதிப்பெட்டி பரணில் ஏறிவிடுகின்றது. மற்றொரு பக்கத்திலே, போட்டிக்கு ஆள் தெரியும்போது பின்வரிசையில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "உனக்குக் குரல் இல்லை, நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிடுகின்றோம். அந்தப் பிள்ளை அறுபது வயதிலும் கோயிலிலே வாயை அசைத்துக்கொண்டுதான் நிற்கும். சுரங்களின் ஏற்ற இறக்கத்தைப் பிறவியிலேயே அறியமாட்டாதார் மிகச் சிலரே. மற்றையோர் கேட்டும் பாடியும் பழகினால் சுருதியோடு சேரக்கூடியவர்களே. நடக்கப் பழகும் குழந்தை விழுந்தால், உனக்குக் கால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

சைவ மக்களாகிய நமக்கு இது வெறும் கல்விமுறைச் சிக்கலன்று. பெரியபுராணத்திலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாற்றைச் சற்று நின்று பாருங்கள். அவர் திருவெருக்கத்தம்புலியூரிலே பாணர் குலத்திற் பிறந்தவர். ஒரு காலத்திலே வேந்தர் அவையில் ஒப்ப வீற்றிருந்த பாணர், பிற்காலத்திலே சமூகத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டுவிட்டனர். ஆகவே மதுரை ஆலயத்துக்கு வந்த யாழ்ப்பாணர் வாயிலிலே நின்றுதான் வாசித்தார். இறைவன் தொண்டர்களுக்கு உணர்த்தி அவரை உள்ளே அழைப்பிக்கின்றான். அம்மட்டோடு நிற்கவில்லை. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு கெடும், பொற்பலகை இடுங்கள் என்றும் ஆணையிடுகின்றான். இந்த இடத்தைப் படிக்குந்தோறும் நாம் வியப்பதுண்டு. உள்ளே வர விட்டாயிற்று, இனி உன் பாடு என்று விட்டுவிடாமல், அவர் தம் தொழிலை நன்றாகச் செய்வதற்கு வேண்டிய இருக்கையும் கொடுக்கப்படுகின்றது. திருவாரூரிலே அவருக்கென்று வடதிசையில் ஒரு வாயில் வகுக்கப்படுகின்றது. சாத்தமங்கையிலே திருநீலநக்கர் என்னும் அந்தணர், சம்பந்தப் பிள்ளையாரின் சொற்படி, தம் வீட்டு வேதிகையின் பக்கத்திலேயே பாணருக்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாருக்கும் இடங்கொடுக்க, வேள்வித்தீ வலமாகச் சுழித்து எழுந்தது என்கிறார் சேக்கிழார். தீக்கு இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்ததோ!

இன்னும் ஒன்று. தருமபுரத்திலே பிள்ளையார் பாடிய பதிகம் யாழிலே அடங்கவில்லை. மனம் நொந்த பாணர் யாழை உடைக்க ஓங்குகின்றார். பிள்ளையார் அதனைத் தடுத்து, எல்லையில்லா இசை முழுவதும் ஒரு கருவியில் அடங்குமோ, வந்த அளவில் வாசியும் என்று தேற்றுகின்றார். வாயை மட்டும் அசை என்ற சொல்லையும், வந்த அளவில் வாசியும் என்ற கருத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள்.

இதன் தொடர்ச்சி திருமுறைகண்ட புராணத்திலே இருக்கின்றது. தில்லையிலே பூட்டிக் கிடந்த ஏடுகள் வெளிப்பட்டன; சொற்கள் கிடைத்தன; ஆனால் பண் கிடைக்கவில்லை, பாடும் முறை மறந்து போயிற்று. அப்பொழுது எருக்கத்தம்புலியூரிலே யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடி அழைத்துவந்து, அவர் வாயிலாகவே பண்கள் வகுக்கப்பட்டன என்று அந்நூல் கூறும். இதனைச் சரித்திரமாகக் கொள்வாரும் உளர், ஐதிகமாகக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொண்டாலும் நம் முன்னோர் இதனை எழுதிவைத்தார்கள் என்பது உண்மை. நாம் இன்று வெள்ளிக்கிழமைகளிற் பஞ்சபுராணம் ஓதுகின்றோமே, அந்தத் தேவாரத்தின் இசையைக் காத்துத் தந்தவர், வாயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட குலத்தவர், அதிலும் பெண். பண்ணிலே பதிகம் பாடும் வழியை மூவருக்கும் முன்னே தொடக்கிவைத்தவரும் காரைக்காலம்மையார் என்னும் பெண்ணே.

உடல் உள நலத்துக்கு வருவோம். இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று அட்டவணை போட்டுப் பரப்புவோர் இக்காலத்திற் பெருகிவிட்டனர். அதற்கு ஆதாரம் காணோம். சலரோகத்துக்கு மருந்தை விட்டு இராகம் பாடப் புறப்படவேண்டா. ஆனால் உறுதியாகச் சொல்லத்தக்கனவும் உள. ஒரு சுரத்தைக் கார்வை கொடுத்து நீட்டும்போது மூச்சு விரைந்து உட்சென்று நெடிது வெளிவருகின்றது. வெளிமூச்சு நீளுமிடத்து இதயத் துடிப்புச் சற்றுத் தணிகின்றது. பலர் சேர்ந்து பாடுமிடத்து அவர்களுடைய இதயத் துடிப்பு ஏறி இறங்கும் முறையும் ஒத்துப்போவதைச் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013இல் எடுத்துக்காட்டினர். பாரிசவாதத்தினாற் பேச்சிழந்தவர்களிற் சிலர், பேச மாட்டாத சொல்லைப் பாட்டாகப் பாட வல்லவராயிருப்பர். அதனைக்கொண்டே போஸ்டன் நகர வைத்தியர்கள் 1973இல் ஒரு பயிற்சிமுறையை வெளியிட்டார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோய் வராமற் காப்பதிலும் வந்தபின் தாங்குவதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று கூறிற்று. பெற்ற பிள்ளையின் பெயரை மறந்த பாட்டி, திருவெம்பாவையை யாராவது எடுத்துக்கொடுத்தால் கூடப் பாடுவதை உங்களிற் சிலர் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள்.

இவற்றிற் பல, பாடுவோர்க்கும் பழகுவோர்க்கும் உரிய பயன்கள். ஒலிபெருக்கியிலே பாட்டை ஓடவிட்டு நாம் விசிறியடியிற் சாய்ந்திருந்தால் மூச்சு நீளாது. 2009இல் ஓய்ந்த போர் எத்தனையோ வீடுகளிலே கையையும் காலையும் கண்ணையும் கொண்டுபோயிற்று. மனத்தினுள்ளே கொண்டுபோனதற்குக் கணக்கில்லை. அவ்வீட்டுப் பிள்ளைகளை விழா நாளிலே முன்வரிசையில் இருத்தி மாலை போடுகின்றோம். பாட்டுப் பழக அழைக்கின்றோமா? சரப சாஸ்திரியார் (1872-1904) பார்வையற்றவர். கும்பகோணத்திலிருந்து புல்லாங்குழலைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் அவரே. ஸ்கொட்லாந்து நாட்டு ஈவ்லின் கிளெனி அம்மையார் பன்னிரண்டு வயதளவில் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தும், அதிர்வை உடம்பினால் உணர்ந்து தாளக் கருவிகளிலே உலகப் புகழ் பெற்றார். எல்லாரும் அவர்களைப் போல் ஆகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆகவேண்டும் என்பதும் இல்லை.

பண்பாடு என்று மேடைதோறும் பேசுகின்றோம். அப்பேச்சிலே பறைக்கும் தப்புக்கும் இடமுண்டா? மட்டக்களப்பிலே பறைமேளக் கூத்து உண்டு. மலையகத்துத் தோட்டங்களிலே தப்பின் ஒலியின்றிக் காமன் கூத்து இல்லை. அக்கருவிகளை வாசித்து வந்த வீடுகளிலே இளைஞர் பலர் அவற்றைத் தொட வெட்கப்படுகின்றனர். அந்த வெட்கம் அவர்கள் தாமாகத் தேடிக்கொண்டதன்று. 1892இலே காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார், வழக்கொழிந்துபோன யாழைப் பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947இல் திருக்கொள்ளம்பூதூரிலே யாழ்நூலை அரங்கேற்றினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். ஒலியின் கணக்கைப் பழந்தமிழ் நூல்களோடு பொருத்திய அப்பேரறிஞர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்த காலத்திலே அயலிலிருந்த சேரிக்குச் சென்று கல்வி புகட்டியவருமாவார். யாழ் அழிந்தபின் அதனை மீட்க ஒரு முனிவர் வேண்டியிருந்தது. பறை இன்னும் அழியவில்லை. வாசிப்போர் நம் அயலிலேயே இருக்கின்றனர்.

எல்லாரையும் சேர்க்கும் முறையை மேல்நாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதுமில்லை. நம் நாட்டுக்கூத்து அண்ணாவியாரைப் பாருங்கள். சட்டங் கொடுக்கும் நாளிலே அவர் ஒருவனுக்கு அரச வேடம், ஒருவனுக்குச் சேவகன், குரல் கட்டையானவனுக்குக் கட்டியகாரன், ஆடமாட்டாதவனுக்குப் பிற்பாட்டு என்று ஊரையே பங்கிட்டு விடுவார். மாதக்கணக்காக இரவிற் பழகி, களரியேறும் நாளிலே அவன் சேர்ந்து பாடியே தீருவான். பெண்களை மட்டும் அக்களரி வெளியே நிறுத்தியது. அதனை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆகவே நிர்வாக சபையினரிடம் ஒன்று கேட்கின்றோம். வெள்ளிக்கிழமை மாலையிலே சங்க மண்டபத்தில் ஒரு மணிநேரம் இசை வகுப்பு நடக்கட்டும். முதல் ஆறு மாதத்துக்குக் குரற் பரீட்சை வேண்டா, போட்டி வேண்டா. ஓதுவார் ஒருவர் பண் சொல்லித் தரட்டும். தாய்மார் தாலாட்டுச் சொல்லித் தரட்டும். பறை வாசிப்போர் வந்து, நாம் இருக்கும் அதே பாயிலிருந்து தாளம் பழக்கட்டும், சங்கீத ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே வேதனத்தை அவர்களுக்கும் கொடுப்போம். சக்கர நாற்காலி ஏறுவதற்கு மண்டபத்து வாயிற் படியிலே ஒரு சரிவு கட்டவேண்டும். ஒரு மேசனுக்கு அது ஓரிரு நாள் வேலை. சுருதிப்பெட்டி வாங்கப் பணமில்லையென்றால் கைத்தொலைபேசியிலேயே தம்புராச் சுருதி இருக்கின்றது, அதற்காவது அது உதவட்டும். காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகத்தை முதலில் எடுக்கலாம். நட்டபாடை, இக்காலத்தார் கம்பீரநாட்டை என்பது. கூட்டமாகப் பாட எடுப்பான பண்.

பெயர் பதிவதற்கு ஒரு கொப்பியைக் கதவருகே வைத்திருப்பதாகச் செயலாளர் அவர்கள் சொன்னார்கள். பெயரும் வயதும் எழுதினாற் போதும். குரல் எப்படி என்று எழுதுவதற்கு அதிலே கட்டம் கீறவேண்டா என்று கேட்டிருக்கின்றோம்.