உரிமையும் உரிமமும்: திரைப்பட அட்டைகளை முன்வைத்துச் சில சொல்லாய்வுக் குறிப்புகள்



நடிகர் நடிகையரின் படம் அச்சிட்டுச் சேகரிப்போருக்கு விற்கப்படும் அட்டைகளைப் பற்றி ஒரு மொழி மன்றத்தில் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். அட்டைகளின் அழகைப் பற்றி நான் பேச வரவில்லை. அவற்றைச் சுற்றி நிகழும் ஒரு சொற்குழப்பத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். பள்ளி நிதிக்காக ஒரு நடிகரின் படத்தை அட்டையில் அச்சிட்டு விற்கலாம் என்று ஓர் ஆசிரியர் திட்டமிட்டால், அவரை இடறச் செய்வது சட்ட நூலைவிட முதலில் இந்தச் சொற்குழப்பமாகவே இருக்கும்.

நாம் கூடியிருக்கும் வட்டாரத்திலிருந்தே தொடங்குகிறேன். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகியவற்றைச் சுற்றியிருந்த தோட்டங்களில் தமிழ்த் திரைப்படம் திடலில் கட்டிய வெள்ளைத்துணியின் வழியே வந்து சேர்ந்தது. இந்நாட்டில் 1917இல் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்ட தோட்டமும் இங்கேதான் உள்ளது. அதன் பெயர் தென்னமரம்! செம்பனைக்கு வழிகாட்டிய தோட்டம் தென்னையின் தமிழ்ப்பெயரைத் தாங்கி நிற்பது சொல்லாய்வாளனுக்கு ஒரு சிறு விருந்து.

படம் முடிந்து துணியைச் சுருட்டிய பிறகு கையில் எஞ்சியது காகிதம். பாட்டுப் புத்தகம் கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்லும். 'பேசும் படம்', 'பொம்மை' போன்ற இதழ்களின் படங்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்வோர் உண்டு. தீப்பெட்டிப் படங்களும், அறுந்த பிலிம் துண்டுகளும் சிறுவர்களின் கைமாற்றுச் செல்வங்களாக விளங்கின. எவரும் எவரிடமும் இசைவு கேட்கவில்லை. விற்பனை நோக்கமின்றி வீட்டுக்குள் நிகழ்ந்ததால் எவரும் பொருட்படுத்தவும் இல்லை.

ஆனால் தோட்ட மக்களுக்கு 'லைசென்' என்னும் சொல் நன்கு தெரியும். சைக்கிளுக்கு லைசென், வானொலிக்கு லைசென், நாய்க்கு லைசென், கள்ளுக்கடைக்கு லைசென். இவை அனைத்தையும் வழங்கியது அரசு. கட்டணம் செலுத்தினால் கிடைக்கும், இல்லையேல் தண்டம். மலாய் மொழியில் 'லெசென்' என்பதும் இதே பொருளில்தான் புழங்குகிறது. பின்னர் நாம் 'உரிமம்' என்னும் கலைச்சொல்லை ஆளத் தொடங்கியபோது இந்த அரசுப்பொருள் அப்படியே அதனுள் குடியேறிவிட்டது. ஓட்டுநர் உரிமம், வணிக உரிமம் என்றே மாணவர் அதைக் கற்கின்றனர்.

படத்துக்கான உரிமத்தை அரசு தருவதில்லை. உடைமையாளர் ஒருவர், தம் உடைமையை இன்ன பொருளில், இன்ன நாட்டில், இத்தனை ஆண்டு, இத்தனை படி பயன்படுத்தலாம் என்று மற்றொருவருக்கு ஒப்பந்தத்தால் இசைவளிக்கிறார். உடைமை அவரிடமே இருக்கும். நகராண்மைக் கழகத்தின் வணிக உரிமம் கையில் இருப்பதால் கடை திறக்கலாம். அக்கடையில் நடிகர் படம் அச்சிட்ட அட்டையை விற்கும் இசைவு அதனுள் அடங்காது. 'உரிமம் வைத்திருக்கிறேனே' என்று வாதிடுபவர் பொய் சொல்லவில்லை. ஒரே சொல் இரு வேறு பொருளைச் சுமப்பதால் வழி தவறுகிறார்.

இத்துறையின் ஒரு பெரிய சட்டக் கருத்தே அட்டையிலிருந்துதான் பிறந்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவில் மெல்லும் பசை விற்ற இரு நிறுவனங்கள் பசையோடு பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பட அட்டையையும் சேர்த்து விற்றன. ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே தம் படத்தைப் பயன்படுத்தும் இசைவை அளித்திருந்த ஆட்டக்காரர்களின் படத்தை மற்றொன்றும் வெளியிட்டது. ஹேலன் நிறுவனத்துக்கும் டாப்ஸ் நிறுவனத்துக்கும் இடையே நடந்த அவ்வழக்கில் 1953இல் நீதிபதி ஜெரோம் பிராங்க் தீர்ப்பு எழுதினார். தனிமையைக் காக்கும் உரிமைக்கு அப்பால், தம் உருவத்தின் விளம்பர மதிப்பைத் தாமே ஆளும் உரிமையும் ஒருவருக்கு உண்டு என்பது அதன் சாரம். அதே டாப்ஸ் நிறுவனம் 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காக இசைவு பெற்று வெளியிட்ட முதல் தொகுதியில் 66 அட்டைகளும் 11 ஒட்டுப்படங்களும் இருந்தன. ஓரம் நீல நிறமுடைய அத்தொகுதியைச் சேகரிப்போர் இன்றும் தேடுகின்றனர்.

ஒரு திரைப்பட அட்டையில் எத்தனை பேருடைய உரிமை படிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒளிப்படத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் இருக்கும். படத்தின் பெயரும் அதன் எழுத்து வடிவமும் வாணிகச் சின்னமாகப் பதிவு பெற்றிருக்கலாம். முகமோ நடிகருடையது. தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டாலும், நடிகரின் ஒப்பந்தத்தில் விற்பனைப் பொருள்களுக்கான இசைவு இல்லையெனில் அவருடைய அட்டை தொகுதியில் இடம்பெற இயலாது. தொகுதியில் ஒரு முக்கிய முகம் காணப்படாவிட்டால், அச்சகத்தைக் குறைகூறுமுன் இதை நினைவுகூர்வது நல்லது.

தமிழுலகில் இதற்குத் தெளிவான சான்று ரஜினிகாந்த். 2002இல் 'பாபா' வெளிவருமுன், அக்கதைமாந்தரின் தோற்றத்தை வணிக ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாகாது என அவர் சார்பில் அறிவிப்பு வெளியிடப்பட்டது. 'மைன் ஹூன் ரஜினிகாந்த்' என்னும் இந்திப் படத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில் 2015 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடையாளம் காணத்தக்க புகழாளர் எனில், மக்கள் ஏமாந்தார்கள் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். மறுஆண்டு வெளிவந்தது 'கபாலி'. மலேசியத் தமிழரின் கதை. அதன் பெயரால் முத்தூட் பின்கார்ப் நிறுவனம் ரஜினியின் உருவம் பொறித்த வெள்ளிக்காசுகளை வெளியிட்டது. ஏர் ஏசியா வானூர்தியின் உடலில் அப்படத்தின் உருவம் தீட்டப்பட்டது. இவை முறையான இசைவோடு நிகழ்ந்தவை. அதே முகத்தைத் தாமாகவே அச்சிட்டு விற்பவரின் செயலோ அவர் நீதிமன்றத்தில் எதிர்த்த வகையைச் சார்ந்தது. மலேசியாவில் உருவத்தின் வணிக மதிப்பைக் காக்கத் தனிச்சட்டம் இல்லை என்பது உண்மையே. எனினும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் 2019ஆம் ஆண்டு வாணிகச் சின்னச் சட்டமும் இருக்கின்றன. பிறர் பெயரால் தம் பொருளை விற்பதைத் தடுக்கும் பொதுச்சட்ட வழியும் உண்டு.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'உரி' என்னும் அடியிலிருந்து பிறந்த 'உரிமை' பழஞ்சொல். திருவள்ளுவர் கண்ணோட்ட அதிகாரத்தில் அதை ஆள்கிறார். உடையவரிடம் நிலைத்திருப்பதே உரிமை. 'உரிமம்' அதே அடியில் நம் காலத்தில் ஆக்கப்பட்டது. ஒலியால் நெருங்கிய இவ்விரண்டும் தேர்வுத் தாள்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக வருவதில் வியப்பில்லை. அரசு தருவதற்கு மட்டும் 'உரிமம்' என்பதை நிறுத்திக்கொண்டு, உடைமையாளர் தருவதற்குப் 'பயன்பாட்டு இசைவு' என்று வழங்கலாம் என்பது என் கருத்து. தருபவர் இசைவளிப்பவர், கொள்பவர் இசைவு பெற்றவர், விற்பனைக்கேற்பச் செலுத்தும் பங்கு உரிமைத்தொகை. 'இசைதல்' என்றாலே உடன்படுதல். இருவர் இல்லாமல் உடன்பாடு இல்லை என்பதால் ஒப்பந்தத் தன்மை சொல்லிலேயே விளங்கும். அகராதியாளர் ஏற்பதற்குக் காலமாகலாம். வகுப்பறையில் இன்றே சொல்லிப் பார்க்கலாம்.

இறுதியாக, தகரப்பெட்டிகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. அவற்றைத் திரட்டலாம், பாதுகாக்கலாம், கண்காட்சியில் வைக்கலாம். கற்பித்தலில் விளக்கமாக நேர்மையான அளவில் பயன்படுத்தவும் நம் சட்டம் இடமளிக்கிறது. மறுபதிப்புச் செய்து விற்பது வேறு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். மலேசியச் சட்டப்படி எழுத்துப் படைப்பின் பதிப்புரிமை படைத்தவர் மறைந்து 50 ஆண்டு நீடிப்பதால், அவருடைய பாடல்வரிகளுக்கு 2031 முடிய இங்குக் காப்பு உண்டு. இந்தியாவில் 60 ஆண்டு. அங்கே 2041 வரை. காலத்தைக் கணிக்கக் கவிஞரின் வாழ்நாளை எண்ணுகிறோம்; ஆனால் இசைவு கேட்டு எழுத வேண்டிய முகவரி தயாரிப்பாளருடையதாகவோ இசைத்தட்டு நிறுவனத்துடையதாகவோ இருக்கலாம். ஆகவே எந்தப் புத்தகத்தையும் அச்சகத்துக்கு அனுப்புமுன் அதன் பின்னட்டையைப் பாருங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அங்கே இருக்கும். முதல் கடிதத்தை அந்தப் பெயருக்கு எழுதுங்கள்.