பதின்மூன்று வயதில் எழுத்துக்கூட்டல்



கேமரன் மலையில் போ, சுங்கை பாலாஸ் போன்ற தேயிலைத் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே பாடங்கள் மலாயில். எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பையன் என்ன செய்வான்? கடைசி வரிசையில் உட்காருவான். வாசிக்கச் சொன்னால் வம்பு செய்வான். நாம் அவனை முரடன் என்கிறோம். படிக்கத் தெரியாதவன் என்ற பெயருக்கு முரடன் என்ற பெயர் அவனுக்குத் தேவலை, அதுதான் விஷயம்.

2010இல் அரசு தொடங்கிய லினுஸ் திட்டம் ஆரம்பப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளைத்தான் கவனித்தது. அதில் நழுவிய பிள்ளைக்கு மீசை அரும்பும் வயதில் யார் எழுத்துச் சொல்லித் தருவது?

இதில் ஒரு சிக்கலைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழில் 'பல்', 'தம்பி' இரண்டிலும் ஒரே எழுத்துத்தான்; இடம் பார்த்து நாக்கு ஒலியை மாற்றிக்கொள்கிறது. மலாயில் அப்படியல்ல. வெட்டுகிற கத்தியும் பாராங், கடைச் சாமானும் பாராங். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. மலாயில் முதல் எழுத்தே வேறு. காது பிரித்துக் கேட்பதைக் கை பிரித்து எழுதப் பழகவில்லை. இது மந்தபுத்தி அல்ல, பயிற்சிக் குறைவு. பத்துத் தடவை எழுது என்று தண்டிப்பதால் தீராது. இப்படிப்பட்ட இரட்டைச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாயால் சொல்லச்சொல்லி எழுதவைத்தால் பழகிவிடும்.

ஆனால் பாப்பா, பந்து என்று பால்வாடிப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள், தூக்கி எறிந்துவிடுவான். அவன் வீட்டிலேயே பாடம் இருக்கிறது. அப்பாவின் சம்பளச் சீட்டில் 'காஜி' என்றிருக்கும். காய்கறித் தோட்டத்து மருந்து டின்னில் 'ராச்சுன்', அதாவது நஞ்சு, என்றிருக்கும். நாளை அந்த மருந்தைத் தெளிக்கப் போகிறவன் அந்த ஒரு சொல்லைப் படித்தே ஆக வேண்டும். ஆசிரியர்களும் மற்ற மாணவர்கள் முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல், தினம் பத்து நிமிடம் தனியே உட்கார வைத்தால் போதும்.

கைத்தொலைபேசியில் உங்கள் பிள்ளை எப்போதும் குரல்பதிவு மட்டுமே அனுப்புகிறானா, ஒரு வரிகூட எழுதுவதில்லையா? கொஞ்சம் கவனியுங்கள். திட்டாதீர்கள். சம்பள நாளில் அந்தச் சீட்டை அவனிடம் நீட்டி, "இதில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள், எதற்குப் பிடித்திருக்கிறார்கள், பார்த்துச் சொல்லய்யா" என்று கேளுங்கள். உங்களுக்கே படிக்க வராதென்றால், அதையும் அவனிடம் சொல்லிவிட்டே கேளுங்கள்.