மேற்கோள்களின் எண்ணிக்கையும் ஒரு கணித மேதையும்



சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவிய இத்திருநெல்வேலி மண்ணிலே, 1974இல் தோன்றிய யாழ்ப்பாண வளாகத்தின் விஞ்ஞான பீடத்துக்குத் தலைமை பூண்டு நின்ற கணிதப் பேராசிரியர் பே. கனகசபாபதி அவர்களின் ஞாபகம் இன்னும் மங்காத இச்சபையிலே, தொடைக் கோட்பாடும் இடத்தியலும் பற்றிய ஆய்வரங்குக்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை எனக்கு அளித்தமைக்கு என் மனமார்ந்த நன்றி. வட்டுக்கோட்டை செமினரியில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இலேயே வீசகணிதத்தைத் தமிழில் எழுதிய பிரதேசம் இது. ஆகையால் கணிதத்தைத் தமிழிற் பேசுவதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

இன்று ஓர் ஆராய்ச்சியாளரின் தகுதியை அவர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் இரண்டு எண்களால் நிர்ணயிக்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. நமது துறையிலே அந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்பதற்குச் சென்னைப் பேராசிரியர் இரா. வைத்தியநாதசுவாமி (1894–1960) அவர்களின் ஒரே ஒரு கட்டுரையின் சரித்திரம் போதுமானது.

பெங்களூரில் சர் சி. வி. இராமன் 1934இல் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதி 20இல், 51ஆம் பக்கம் முதல் 61ஆம் பக்கம் வரை, பதினொரு பக்கங்களில் அமைந்தது அக்கட்டுரை. அதன் கருத்து அழகானது. ஒரு வெளியிலே எந்தத் தொடைகளை அற்பமென்று தள்ளிவிடலாம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்கிறோம். அற்பமானதன் பகுதி அற்பமாகவும், இரண்டு அற்பங்களின் சேர்க்கையும் அற்பமாகவும் இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. பின்னர் ஏதேனும் ஒரு தொடையை எடுத்து, எந்தப் புள்ளியின் எந்த அயலை நோக்கினும் அத்தொடையின் அற்பமல்லாத ஒரு பகுதி அங்கே எஞ்சி நிற்கிறதோ, அத்தகைய புள்ளிகளை மாத்திரம் திரட்டுகிறோம். சூனியத் தொடை ஒன்றே அற்பமென்று கொண்டால், கிடைப்பது மாணவர் யாவரும் அறிந்த அடைப்பு; முடிவுள்ள தொடைகளையெல்லாம் அற்பமென்று கொண்டாலோ, ஒவ்வோர் அயலிலும் அத்தொடையின் முடிவிலி உறுப்புகளைக் காட்டும் புள்ளிகளே எஞ்சுகின்றன. போலந்து நாட்டுக் குரத்தோவ்ஸ்கி முன்னரே தொட்ட கருத்துத்தான் இது. ஆயினும் அதனைத் தனியாக எடுத்து ஒழுங்குபட வளர்த்த பெருமை வைத்தியநாதசுவாமிக்கு உண்டு. 1947இல் இந்தியக் கணிதச் சங்கம் வெளியிட்ட அவருடைய இடத்தியல் நூலிலும் இப்பொருள் இடம்பெற்றது.

அதன் பின்னர் நெடுங்காலம் அக்கட்டுரையைத் தேடியவர் சிலரே. 1990இல் யாங்கோவிச், ஹாம்லெற் என்னும் இருவர் அமெரிக்கக் கணித மாத சஞ்சிகையில் இவ்விஷயத்தை மீள எடுத்து விளக்க, அன்றுதொட்டு மேற்கோள்கள் வெள்ளமெனப் பெருகின. வெளியான இரண்டு வருஷங்களுக்குள் வந்த மேற்கோள்களை மாத்திரம் எண்ணும் தாக்கக் காரணி, நாற்பத்தாறு வருஷம் கழித்து வந்த இவ்வெள்ளத்தில் ஒரு துளியையும் அறியமாட்டாது.

அப்படியாயின் வெள்ளத்தையே மகிமையென்று கொள்ளலாமோ? அதிலும் எனக்குச் சம்மதமில்லை. இந்த மேற்கோள்களிற் பல, திறந்த தொடையின் வரைவிலக்கணத்தில் ஒரு நிபந்தனையை மாற்றி, புதுப் பெயர் ஒன்று சூட்டி, பழைய தேற்றங்களை மறுபடியும் நிறுவும் கட்டுரைகளிலிருந்து வந்தவை. அவற்றின் உசாத்துணைப் பட்டியல்களைப் பாருங்கள். தொகுதி 20 வெளிவந்தது 1944இல்; பட்டியல்களில் மிகப் பலவோ 1945 என்கின்றன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கியபோது, எழுதுவோர் கைவழு பிரதிக்குப் பிரதி தொடர்ந்து வந்ததைக் கண்டிருப்பார். இங்கும் நிகழ்ந்தது அதுவே. மூலத்தைத் திறந்து பாராமலே பட்டியலிலிருந்து பட்டியலுக்குப் பெயர்த்தெழுதினோர் பலர். அத்தனை பேரும் எண்ணிக்கையிலே சேர்ந்துவிட்டனர்.

அவருடைய படைப்புகளில் ஆழமானது எதுவென்று என்னைக் கேட்டால், பெருக்கற் பண்புடைய எண்சார்புகளைப் பற்றி 1931இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த, எண்பது பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரையையே சுட்டுவேன். பதினொரு பக்கத்தின் புகழ் அதனைச் சிறிது மறைத்துவிட்டதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

உலகத் தொடைக் கோட்பாட்டிலும் இதே வினாதான். சஹரோன் ஷெலா ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதியவர். போல் கோஹனோ, 1963இலும் 1964இலும் வெளியான, ஒவ்வொன்றும் ஆறு பக்கமே கொண்ட இரு குறிப்புகளால், கன்ரரின் தொடர்ம எடுகோள் வழக்கமான அடிகோள்களிலிருந்து நிறுவவியலாதது என்று காட்டி, 1966இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். இருவரும் மகான்களே. எண்ணை மாத்திரம் வைத்து இவ்விருவரையும் ஒப்பிடுவோன் கணிதம் அறியாதவன்.

ஆகவே பதவியுயர்வுக் குழுக்களில் அமரும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது: விண்ணப்பதாரியின் கட்டுரைகளில் ஒன்றையாவது, இயலுமாயின் அதன் முதல் தேற்றத்தின் நிறுவலையாவது, வாசித்த பின்னரே எண்களைப் பாருங்கள். மாணவர்களுக்கோ இன்னும் சிறிய வேண்டுகோள். விஞ்ஞானக் கழகத்தின் பழைய தொகுதிகள் இன்று கணினியில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த ஆய்வரங்குக்கு நீங்கள் கொண்டுவந்திருக்கும் கட்டுரைகளில் வைத்தியநாதசுவாமியின் பெயர் இருக்குமாயின், அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பதினொரு பக்கங்களையும் வாசித்து, வருஷத்தையும் திருத்திவிடுங்கள்.