சிறகு இல்லாத குதிரை



ஆண்டு விழா நாடகத்துக்கு பெகாசஸ் வேணும்னு அலைந்தோமே, ஞாபகம் இருக்கா? கிரேக்கக் கதையில் மெடூசாவின் ரத்தத்தில் பிறந்த சிறகுக் குதிரை. நாங்கள் நாலு பேர் சைக்கிளில் குயிலாப்பாளையம் போனோம். 1968 பிப்ரவரி 28-இல் 124 நாட்டு மண்ணைத் தாழியில் இட்டு ஆரோவில் தொடங்கினார்களே, அதை ஒட்டிய ஊர். ஐயனார் குதிரை செய்யும் பெரியவர் ஒருவர் புத்தகப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "காவலுக்குச் சுத்துற குதிரைக்கு றெக்கை எதுக்குத் தம்பி?"

ஆனாலும் செய்தார். களிமண்ணில் மணலும் உமியும் பிசைந்து, முதலில் கால்கள். அவை இறுகிய பிறகு வயிறு, கழுத்து, தலை. உள்ளே கூடாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் உள் ஈரம் ஆவியாகிச் சூளையில் வெடித்துவிடும். "றெக்கை மெல்லிசு, உடம்பு தடிப்பு. ஒண்ணாக் காயாது, விரிசல் விடும்" என்று முன்பே சொன்னார். நாங்கள்தான் கேட்கவில்லை. சூளையைப் பிரித்தபோது குதிரை நின்றது, சிறகுகள் உடைந்து கிடந்தன.

பேசிய பணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தோம். மீதியைக் கொடுக்கவே இல்லை. பெகாசஸில் ஏறி வானுலகம் போகப் பார்த்த பெல்லரஃபோன் கீழே விழுந்தான். நாங்கள் விழவில்லை, வேலைக்குப் போனோம், வீடு கட்டினோம்.

போன மாதம் அங்கே போனேன். பெரியவர் இல்லை. மகன் பூந்தொட்டி செய்கிறார். பாக்கியை நீட்டினேன், வாங்கவில்லை. "குதிரை ஒண்ணு சொல்லுங்க சார், செஞ்சு தரேன்" என்றார். சொல்லிவிட்டேன், சிறகில்லாமல். மற்ற மூவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். பங்கு தருவார்கள்.