வெள்ளைப் பட்டையும் வெற்று அறையும்



அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லைம்ஸ்டோன் என்றொரு சிறை. எச்.ஐ.வி. உள்ள ஆண் கைதிகள் அங்கே பல ஆண்டுகள் கையில் வெள்ளைப் பட்டையோடு நடமாடினார்கள். அவர்கள் தங்குவதற்குத் தனிக் கூடம். சமையற்கட்டு வேலைக்கு அவர்களைச் சேர்த்ததில்லை. எதிரே வருகிற எவரும் ஒரு வார்த்தை கேட்காமலே விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம், பட்டையே சொல்லிவிடும். சோற்றுப் பாத்திரத்தால் இந்தக் கிருமி தொற்றாது என்பது அப்போது மருத்துவம் படிக்கிற முதலாண்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

லைம்ஸ்டோனுக்கு முன்னால் கில்பி என்னும் சேர்க்கைச் சிறை. புதிதாக வருகிறவருக்கு அங்கே ரத்தம் எடுப்பார்கள். கிருமி இருப்பது தெரிந்ததும் தனிச் செல்லில் போட்டுவிட்டு, பிறகு லைம்ஸ்டோனுக்கு அனுப்புவார்கள். தற்கொலைத் தடுப்பில் வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். சிறைக்குள் வந்த முதல் நாட்கள் ஆபத்தானவை. எச்.ஐ.வி. என்று காதில் விழுந்த முதல் நாட்களும் அப்படித்தான். பேச ஆளில்லாத தனிமை வேறு. கில்பி இந்த மூன்றையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியது. கிருமிக்கு மருந்து கொடுத்தாலும் அந்தக் கதவுக்கு மருந்தில்லை.

1985-இல் அமெரிக்க மாநிலச் சிறைத் துறைகளும் மத்தியச் சிறைத் துறையும் சேர்ந்த 51-இல் 46 இப்படித்தான் பிரித்து வைத்தன. பயம் புதிது, மருந்து கிடையாது, அதைப் புரிந்துகொள்ளலாம். 1996-க்குப் பிறகு கூட்டு மருந்து வந்து, இது கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழக்கூடிய நோய் என்றான பின்னும் அலபாமா பட்டையைக் கழற்றவில்லை. கைதிகள் வழக்குப் போட்டார்கள். 2012 டிசம்பர் 21 அன்று நீதிபதி மைரன் தாம்சன், ஒட்டுமொத்தமாகப் பிரித்துவைப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். தொற்றைத் தடுக்க அந்த ஏற்பாடு தேவைப்படவே இல்லை, மனிதர்களை அவமானப்படுத்தத்தான் அது நன்றாகப் பயன்பட்டது என்பது தீர்ப்பின் சாரம்.

அதே நீதிபதி முன் அதே மாநிலச் சிறைகள் இன்னொரு முறை வந்தன. இந்த முறை வழக்கு மனநலச் சிகிச்சை பற்றியது, எச்.ஐ.வி. பற்றியது அல்ல. 2016 டிசம்பரில் முதல் சாட்சியாகக் கூண்டேறிய இளம் கைதி, தனக்குச் சிகிச்சை கிடைக்காததைச் சொல்லச் சொல்ல நிலைகுலைந்துபோனார். மீதிச் சாட்சியத்தை நீதிபதியின் அறையை ஒட்டிய நூலகத்தில், அமைதியான இடத்தில் வைத்துத்தான் முடிக்க முடிந்தது. பத்து நாளில் அவர் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே தரப்படும் மனநலச் சிகிச்சை படுமோசமாகப் போதாமல் இருக்கிறது என்று 2017 ஜூனில் வந்த தீர்ப்பு 300 பக்கத்தைத் தாண்டியது.

எச்.ஐ.வி. மருந்துப் பக்கமும் ஒரு சேதி உண்டு. எஃபாவிரென்ஸ் என்ற மாத்திரை நெடுங்காலம் உலகமெங்கும் முதல் வரிசைச் சிகிச்சையில் இருந்தது, இந்தியாவிலும் இருந்தது. இரவில் போட்டுக்கொள்வது. தலைசுற்றல், பயங்கரக் கனவு, மனச்சோர்வு எல்லாம் வரும். தற்கொலை எண்ணத்தையும் அது கூட்டலாம் என்று 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2019 வாக்கில் உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பதிலாக டோலுடெக்ராவிர் என்ற மருந்தை முன்னிறுத்தியது. வீட்டில் இருப்பவர் நடு ராத்திரியில் அலறி எழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் தண்ணீர் கொடுப்பார். செல்லில் அலறுகிறவருக்கு வார்டரின் அதட்டல்தான் கிடைக்கும்.

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று சென்னையில் யாரும் சொல்ல முடியாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே அடைத்துவைக்கப்பட்ட பெண்களிடம்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், சென்னையில் பெண்களை அடைத்துவைத்த விஜிலென்ஸ் ஹோமில் இருந்த பாலியல் தொழிலாளர்களுடையவை. ஏதோ பால்வினை நோய்ச் சோதனை என்றுதான் அந்தப் பெண்கள் நினைத்திருந்தார்கள். விஞ்ஞானிகளின் பெயர் வரலாற்றில் நிற்பது நியாயம். அந்த முடிவை அந்தப் பெண்களுக்கு யார் சொன்னார், எப்படிச் சொன்னார், அன்று ராத்திரி அவர்களோடு யார் இருந்தார் என்று கேட்டவர்கள் குறைவு.

இன்று சட்டங்கள் வந்துவிட்டன. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் அரசின் காவலில் இருப்பவருக்கும் ஆலோசனை, பரிசோதனை, சிகிச்சை பெற உரிமை தருகிறது. சம்மதமில்லாமல் விவரத்தை வெளியிடவும் தடை போடுகிறது. ஆனால் மாத்திரை வாங்கத் தனி வரிசையில் நிறுத்தினாலே போதும், வெள்ளைப் பட்டை கட்டியது மாதிரிதான்.

ஆய்வாளர்களிடம் ஒரு சொல். சிறைக்குள் வினாத்தாளோடு போய் 'சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா' என்று கேட்கிறோம். 'ஆமாம்' என்றால் என்ன நடக்கும் என்பது கைதிக்கு நமக்கு முன்பே தெரியும். பல நாட்டுச் சிறைகளில் கண்காணிப்பு என்ற பெயரில் உடுப்பையும் போர்வையையும் வாங்கிக்கொண்டு வெற்று அறையில் விடுவார்கள். சும்மா இருந்த வாயைத் திறந்து தனிக்கொட்டடியை யார் வாங்கிக் கட்டிக்கொள்வார்? 'இல்லை' என்று விழுகிற விடைகளை அப்படியே அட்டவணையில் ஏற்றினால் அது கைதியின் மனதை அளந்ததாகாது, அவருடைய பயத்தை அளந்ததாகும்.

இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர்கள் தங்கள் எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லட்டும்: அவர்கள் போன சிறையில், 'ஆமாம்' என்று சொன்னவர் அன்றிரவு எங்கே படுத்தார்?