தத்தனார் நடந்த வழி

(குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தீங்கிழைத்தாரைப் பொறுத்தல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு திருப்பணிக் குழுவினர் அடியேனைப் பணித்தனர். பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்றும் பொருளுண்டு. ஆதலின், அதனை எளிய செயலென்று நம் முன்னோர் எண்ணியதாகத் தோன்றவில்லை.

திருக்கோவலூரிலிருந்து சேதி நாட்டை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் விரித்தருளியதை யாவரும் அறிவீர்கள். போரிலே பன்முறை தோற்ற முத்தநாதன், மெய்யெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டினுள் படைக்கலம் மறைத்து, அரசர் துயிலும் வேளையில் அரண்மனை புகுந்தான். எங்குமில்லா ஆகமம் ஒன்று கொணர்ந்ததாகக் கூறினான். அரசர் அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்தார். கட்டு அவிழ்ந்தது, படை பாய்ந்தது. வீழும்போதும் அரசர் அவ்வேடத்தைத் தொழுதார்.

இவ்வளவும் நாம் பலகாற் கேட்டதே. அடியேன் சொல்லவந்தது வாயிற்காவலர் தத்தனாரைப் பற்றி. வாளுடன் பாய்ந்த அவரைத் தடுத்து, வந்தவர் நம்மைச் சேர்ந்தவரே என்றார் அரசர். அதனோடு நில்லாமல், எவரும் இடையூறு செய்யாவண்ணம் அவனைக் கொண்டுபோய் விடுமாறும் பணித்தார். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. பொறுத்தோம் என்று மட்டும் சொல்லி உயிர் நீத்திருப்பின், முத்தநாதன் அவ்வூர் எல்லையைக் கடந்திருக்க மாட்டான். செய்தியறிந்த மக்கள் வழியிடையே சூழ்ந்துகொண்டனர். அவர்களிடம் அரசர் ஆணையைக் கூறி விலக்கி, ஆளரவமற்ற காட்டுவழியில் அவனை விட்டு மீண்டார் தத்தனார். அச்சொல்லைக் கேட்கும்வரை அரசர் உயிர் தாங்கியிருந்தது. தத்தனார் நெஞ்சில் அப்போது பொறுமை இருந்ததென்று எனக்குத் தோன்றவில்லை, கை பதைத்தேயிருக்கும். ஆயினும் நடந்தார்.

திருமடத்தில் பாடங்கேட்ட நாளில், "அரசருக்குத் திருநீற்றன்பு துணை, தத்தனாருக்கு எது துணை?" என்று எம் ஆசிரியரை வினவினேன். "உனக்கு ஒருவன் தீங்கு செய்யட்டும், அப்போது சொல்கிறேன்" என்று நகைத்தார். அவர் சிவப்பேறு எய்திய பின்னரே அத்தீங்கு வந்தது.

நெருங்கிய உறவினர் ஒருவர் என் கையொப்பத்தைப் பொய்யாக இட்டு, தந்தையார் வைத்துச் சென்ற நஞ்சையை விற்றுவிட்டார். வழக்குத் தொடுத்தேன், தோற்றேன். வழக்காடியது பிழையென்று இன்றும் எண்ணவில்லை. பிழை வேறு. பத்தொன்பது ஆண்டுகள் அவர் முகம் நோக்கிலேன். நாள்தோறும் நீறணிந்து, மேடைதோறும் மெய்ப்பொருளாரின் பொறுமையை விரித்துரைத்துக்கொண்டே நோக்காதிருந்தேன். இச்சபையில் அதனை மறைத்தல் தகாது.

நேற்று மாலை முதற்கால வேள்வி முடிவில் திருநீறு வழங்கும் பணி அடியேனுக்கு வாய்த்தது. வரிசையில் அவரும் நின்றார், மிகவும் தளர்ந்திருந்தார். உள்ளம் உருகிற்று என்றால் அது பொய்யாகும். தத்தனார் நினைவு வந்தது, அவ்வளவே. தட்டை நீட்டினேன், கை நடுங்கியது. முதுமை என்று பிறர் எண்ணியிருப்பர். இருகையாலும் ஏற்று அணிந்துகொண்டார். பேச்சொன்றும் நிகழவில்லை.

இன்று காலையும் வந்தார்; நீட்டினேன். இன்னும் சிறிது நேரத்தில் மூன்றாங்கால வேள்வி தொடங்கும். திருநீற்றுத் தட்டு அடியேனிடந்தான் இருக்கிறது. ஆதலின் இவ்வளவில் விடைபெறுகின்றேன்.